எதிர்வெயிலில் மாப்பிள்ளை

நகரப் பேருந்துப் பணிமனையில் அவளுக்குப் பெயர் நிதானம். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இந்த அம்மா பிரேக் போட்டா தூங்குறவனுக்குக்கூடத் தெரியாது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பாத ஒரு மெக்கானிக், அவள் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரைத் தளும்பத் தளும்ப வைத்து வண்டியை அனுப்பினார். அவள் பதினேழு நிறுத்தங்களில் நின்று, இரண்டு மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்பி வந்தாள். அதே தண்ணீரைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கினாள். அன்றிலிருந்து சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது.

நாற்பத்தொன்பதாவது வயதில் டாக்டர் அவள் ரத்த அழுத்தத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உட்கார்ந்த இடத்துலேயே ஊரைச் சுத்துறீங்க. தினம் ஒரு மணி நேரம் நடங்க."

காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால், நடுவில் கிடைக்கும் ஓய்வு போக, மாலை நாலேகாலுக்குத்தான் சாவியைத் திருப்பிக் கொடுப்பாள். பணிமனையின் பின்சுவரைத் தாண்டினால் ஓர் ஏரி. அதன் கிழக்குக் கரையில் மட்டும் நடைபாதை உண்டு. மேற்குக் கரை முழுக்கக் குடிநீர் நிலையத்தின் கம்பிவேலியும் அதற்குப் பின்னால் அடர்ந்த மரங்களும். டாக்டர் சொன்னாரே என்று வேண்டா வெறுப்பாக நடக்கப் போனவள், நாலாவது நாள் நின்றுவிட்டாள். காரணம் ஒரு வாத்து.

காட்டு வாத்துகள் அங்கே முப்பது நாற்பது இருந்தன. பச்சைத் தலை, பழுப்பு மார்பு, நீலப்பட்டை போட்ட இறக்கை என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஆனால் இந்த ஒருவன் தனி ரகம். சிவந்த அலகு, கண்ணுக்கு மேல் வெள்ளைப்பட்டை, கன்னத்தில் செம்பொன் தாடி, ஊதா மார்பு. போதாததற்கு முதுகில் இரண்டு ஆரஞ்சு இறகுகள் படகின் பாய்போல நிமிர்ந்து நின்றன. பெட்டியில் இருந்த உடுப்பையெல்லாம் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பியவன் மாதிரி இருந்தான். அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். பக்கத்திலேயே நீந்திய அவன் ஜோடி, வெளுத்துப்போன பழுப்பில், 'இவரோட எங்கேயும் வர முடியாது' என்ற முகத்தோடு இருந்தது.

வெளியூருக்குப் படிக்கப் போன மகள் விட்டுச் சென்ற கேமரா ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அதை மதிய உணவுப் பையில் போட்டு எடுத்துவந்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி, எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாமல், நூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தாள்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். கணவருக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே மாவு பிசைய வேண்டியவர் என்பதால் ஏழரைக்கெல்லாம் கொட்டாவி வந்துவிடும். கணவரின் அக்கா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இணைப்பு கொடுத்துப் பழகிய வாய். அது இன்னும் ஓயவில்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்ததும், நாத்தனார் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"வாத்துன்னு சொல்லிட்டுப் போனியே. இங்கே நிலக்கரி மிதக்குது."

"சூரியன் எதிர்ல இருந்தது அண்ணி."

"அப்போ நீ சூரியனுக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதுதானே?"

அந்தப் பக்கம் கம்பிவேலி. நூலகத்து மாடியில் மாதம் ஒருமுறை கூடும் புகைப்படக் குழுவிலும் அதையேதான் சொன்னார்கள். குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவளுடைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, பல்லைப் பிடுங்கப்போகிறவரின் கனிவோடு சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பறவைன்னா சூரியன் நம்ம முதுகுல இருக்கணும். காலையில வாங்களேன்."

"காலையில நான் ஸ்டியரிங் முன்னாடி இருப்பேன் சார்."

"அப்போ கஷ்டம்தான்."

வேறு யாராவதாக இருந்தால் கேமராவை மறுபடி அலமாரிக்குள் தூங்க வைத்திருப்பார்கள். நிதானம் அப்படிப்பட்டவள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக மாலை வெயில் முகத்தில் அடிக்கத்தான் வண்டி ஓட்டுகிறாள். வெயில் எதிரில் இருக்கிறது என்பதற்காகப் பேருந்தைத் திருப்பிக்கொண்டு போய்விட முடியுமா?

வண்டி போய்வந்த நேரம் குறிக்கும் பழைய பயணத் தாள்களின் பின்பக்கத்தில் குறிப்பு எழுத ஆரம்பித்தாள். முதல் வாரம் முழுக்க வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். வாத்துக்கு முகம் வந்தது, ஆனால் தண்ணீர் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்தது. குறைத்தாள். தண்ணீர் திரும்பி வந்தது, வாத்து மறுபடி கரியானது. அடித்த பக்கம் வீங்காமல் மறுபக்கம் வீங்குகிற கதை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கோளாறு பொத்தானில் இல்லை, வாத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. பின்னால் பளபளக்கும் தண்ணீர் என்றால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. பின்னால் மரநிழல் விழுந்த கருந்தண்ணீர் என்றால் அதே கேமரா பயந்துபோய் வெளிச்சத்தை அள்ளிக் கொட்டுகிறது. "வெளிச்சத்துக்கு முன்னாடி கூட்டு. நிழலுக்கு முன்னாடி குறை" என்று தாளில் எழுதி இரண்டு கோடு போட்டாள்.

அதற்குப் பிறகு வாத்தைத் துரத்துவதை விட்டாள். நிழல் விழும் இடத்தைப் பார்த்துவைத்து அங்கே காத்திருந்தாள். தரையோடு தரையாக இருந்தால் வாத்துக்கு நேர்க்கண்ணில் பார்க்கலாம் என்பதும் புரிந்தது. பேருந்திலிருந்து கழித்துப்போட்ட ரப்பர் விரிப்பைச் சுருட்டிக் கொண்டுவந்து, சேற்றோரம் விரித்துக் குப்புறப் படுத்தாள். ஒளி லென்ஸுக்குள் புகுந்து படத்தில் வட்ட வட்டமாக விழுந்தபோது, சீருடைத் தொப்பியைக் கழற்றி லென்ஸுக்கு மேலே குடைபோலப் பிடித்தாள். நடைபயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் கீழே கிடக்கும் சீருடையைப் பார்த்துப் பதறி, ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கைபேசியை எடுத்துவிட்டார். "உயிரோடதான் இருக்கேன் சார், வாத்து போயிடும், கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றாள் தலையைத் தூக்காமல்.

ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. ஐந்து மணி பத்து நிமிடம். தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் ஒரு மரத்துண்டில் மாப்பிள்ளை ஏறி நின்றான். பின்னால் மேற்குக் கரை மரங்களின் இருட்டு. சாய்வாக வந்த வெயில், முதுகில் நிமிர்ந்த அந்த இரண்டு இறகுகளுக்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. கைவிளக்கை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் சிவக்குமே, அப்படி அந்த ஆரஞ்சு உள்ளிருந்து எரிந்தது. தலையைச் சுற்றி மெல்லிய பொன்விளிம்பு. அவன் உடம்பை உதறினான். தெறித்த துளிகள் ஒவ்வொன்றும் ஒரு பொறி. நிதானம் அசையாமல் கிடந்தாள். விரல் மட்டும் தன் வேலையைச் செய்தது. சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் இது கிடைக்குமா? கிடைக்காது என்பதை அந்த நிமிடம் கண்டுகொண்டாள்.

அன்று வீட்டில் கணவர்கூடக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இது நீ எடுத்ததா?" என்று இரண்டு தரம் கேட்டார். நாத்தனார் நிலக்கரி என்று சொல்லவில்லை. அதுவே பெரிய விருது. வழக்கம்போல மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"எல்லாம் சரி. இங்கே ஒரு கீறல் விழுந்திருக்கே. கண்ணாடியைத் துடைக்கலையா?"

மாப்பிள்ளையின் இடது காலிலிருந்து வலது இறக்கைவரை முடி கனத்தில் ஒரு வெள்ளிக்கோடு. அடுத்த படத்தைத் தள்ளினாள். கோடு இருந்தது, ஆனால் வளைந்திருந்தது. அதற்கடுத்த படத்தில் இறக்கை விரிந்தபோது விறைப்பாக நின்றது. கீறல் என்றால் ஒரே இடத்தில்தானே இருக்கும்? இது வாத்தோடு சேர்ந்து அசைகிறது.

"அண்ணி, இது கீறல் இல்லை. மீன் பிடிக்கிற நைலான், தூண்டில் நரம்பு."

மறுநாள் ஏரிக் காவலாளியிடம் சொன்னாள். அவர் தன் தொலைநோக்கியை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே மேடம். நல்லாத்தானே நீந்துது."

"சும்மா பார்த்தா தெரியாது. வெயில் பின்னாலிருந்து விழுந்தாத்தான் மின்னுது. இதைப் பாருங்க."

படத்தைப் பார்த்ததும் காவலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு நகரத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் பேசினார். வந்த பெண் டாக்டர் முதலில் கேட்டது, எந்தக் கால், நரம்பு எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்பதைத்தான். நிதானம் பதினோரு படங்களை வரிசையாகக் காட்டினாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"காலைச் சுத்தி மூணு சுற்று, இறக்கை அடியில ஒரு முடிச்சு. இது இன்னும் இறுகும். சீக்கிரம் பிடிச்சாகணும்."

பிடிப்பது லேசான காரியமா? தானியம் தூவிக் கூண்டு வைத்தார்கள். முதல் நாள் பச்சைத்தலை வாத்துகள் ஆறு பந்திக்கு முந்திக்கொண்டு உள்ளே போயின. இரண்டாம் நாளும் அவையே வந்தன, கூட நாலு உறவையும் கூட்டிக்கொண்டு. மாப்பிள்ளை மட்டும் அழைப்பு சரியில்லை என்பதுபோல எட்டியே நின்றான். டாக்டர் சலித்துப்போய் வலை வீசிப் பார்க்கலாமா என்று காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். நிதானம் பயணத் தாள்களை எடுத்தாள்.

"டாக்டர், இவர் கூண்டுக்கு வர மாட்டார். ஆனா அஞ்சு பத்துக்கு அந்த மரத்துண்டுல ஏறுவார். ஆறு வாரமா எழுதி வெச்சிருக்கேன். ஒரு நாள் அஞ்சு ஏழு, ஒரு நாள் அஞ்சு பதிமூணு. அவ்வளவுதான் வித்தியாசம். எங்க வண்டிகூட அப்படி வராது."

மரத்துண்டுக்கு மேலே நீண்டிருந்த ஒரு கிளையில் வலையைக் கட்டி, கயிற்றைக் கரைவரை இழுத்துவந்தார்கள். காவலாளி கயிற்றோடு உட்கார்ந்தார். நிதானம் விரிப்பில் படுத்து, கேமரா வழியாகப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. ஐந்து பத்து ஆனது. ஐந்து பன்னிரண்டு. காவலாளி கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தார். மாப்பிள்ளை வந்தான், ஒரு காலை மரத்தில் வைத்தான், மறு காலை இழுத்துக்கொண்டு ஏறினான்.

"இன்னும் இல்லை," என்றாள் மெல்ல. "தண்ணியைப் பார்த்து நிக்கிறார். இப்போ விட்டா பறந்திடுவார். திரும்பட்டும்... இப்போ."

வலை விழுந்தது. இடுப்பளவு தண்ணீரில் முதலில் இறங்கியது அவள்தான். பேருந்து ஸ்டியரிங்கையே சுற்றிப் பழகிய கைகள், படபடத்த அந்த உடம்பை ஒரு இறகு கலையாமல் அணைத்துத் தூக்கின. கையில் வந்தபோதுதான் தெரிந்தது, அவ்வளவு ஆடம்பரத்துக்கும் கீழே ஒரு கைப்பிடி எடைதான். டாக்டர் தூண்டில் நரம்பைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார். காலில் அது பதிந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது.

"இன்னும் ஒரு வாரம் போயிருந்தா கால் போயிருக்கும்" என்றார். பிறகு கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு வர்ற புகாரெல்லாம், பறவை செத்துக் கிடக்குன்னுதான் வரும். நீந்திட்டிருக்கிற பறவைக்கு யாரும் கூப்பிட்டதில்லை" என்றார்.

ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்திருந்து மாப்பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். இடது காலை இப்போதும் சற்றுத் தாங்கித்தான் வைக்கிறான். உடையில் குறைவில்லை. கரையில் காவலாளி ஒரு குழாயை நட்டு, அறுந்த தூண்டில் நரம்பை இதில் போடுங்கள் என்று எழுதி, வெள்ளிக்கோடு தெரியும் படத்தையும் ஒட்டிவைத்தார். தூண்டில் போடுகிறவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு போட ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் குழாய் பாதி நிரம்பியது.

நூலகத்து மாடியில் குழுவின் வருடாந்தரக் காட்சி நடந்தது. இறகுகள் எரியும் அந்தப் படத்தைப் பல் டாக்டரே ஆணி அடித்து மாட்டினார். ஓய்வு நேரத்தில் சீருடையோடு வந்து பின்னால் நின்றவளிடம், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"இத்தனை வருஷமா முதுகுல சூரியனை வெச்சுக்கிட்டே எடுத்துட்டேன். எதிர்வெயில்ல எடுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"தோணலை சார். நாலேகாலுக்குத்தான் டூட்டி முடியுது."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அவரும் ஒரு விரிப்போடு ஏரிக்கரைக்கு வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு இரண்டடி தள்ளிப் படுத்தார்.

நிதானம் இப்போது பறக்கும் வாத்தை எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். மாலை வெயிலில் பொன்னாக மின்னும் தண்ணீரும், வாத்து கிளம்பிப்போன வளையங்களும் உள்ள படங்கள் இதுவரை முந்நூற்றுச் சொச்சம் சேர்ந்திருக்கின்றன. ஒன்றில் மட்டும் மேல் ஓரத்தில் இரண்டு கால்கள் இருக்கின்றன. அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.