பேருந்து நின்ற டெய்லர் கடை

அந்தப் புறநகரில் பேருந்து நிறுத்தங்களுக்கு யாரும் பெயர் வைத்ததில்லை. முதலில் எந்தக் கடை வந்ததோ அதைச் சொல்லி நடத்துனர் கத்துவார், அதுவே பெயராகிவிடும். டெய்லர் அக்காவின் பத்துக்குப் பத்து அறை அப்படித்தான் ஒரு நிறுத்தமாயிற்று.

பதினான்கு வருஷத்துக்கு முன் அவள் வந்தபோது இருந்தவை நாலு வீடும் மனைகளுக்கு நட்ட கற்களும்தான். மீதியெல்லாம் புதர். சாலையோரம் ஒரு தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்தவளை, “இங்க பாம்புக்கா சட்டை தைக்கப் போறே?” என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். பேருந்து தினம் இரண்டு தடவை வரும். நிற்க வேறு அடையாளம் இல்லாததால் அவள் கடை வாசலில் நிற்கும். “டெய்லர் கடையெல்லாம் இறங்கு!” என்று நடத்துனர் முதல்முறை கத்திய அன்று அக்கா திகைத்துப்போய் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். ரத்தத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

அப்புறம் மளமளவென்று அடுக்குமாடி, பள்ளிக்கூடம், மருந்துக்கடை எல்லாம் வந்தன. நாலு வீடு இருபத்துமூன்று தெருவானது. வீடு வாடகைக்கு என்று ஒட்டும் தாளிலெல்லாம் ‘டெய்லர் கடை ஸ்டாப் அருகில்’ என்றிருக்கும். நூலும் துணியும் வாங்க நகரத்துக்குப் போய்த் திரும்பும்போது, “ஒரு டெய்லர் கடை” என்று அக்கா டிக்கெட் கேட்பாளே, அந்தத் தோரணையைப் பார்க்க வேண்டும்! பக்கத்து சீட்டுக்காரரிடம் “அது நம்ம கடைதாங்க” என்று சொல்லாமல் அவள் ஒரு நாளும் இறங்கியதில்லை.

அங்கேதான் பேக்கரி வந்தது. யாரோ வைத்திருந்தால் பொறுத்திருப்பாள். வைத்தது அவளுடைய ஓர்ப்படி, கொழுந்தனின் மனைவி. அதுவும் நேர் எதிரே! கண்ணாடி அலமாரி என்ன, வாசலில் ஆறு நாற்காலி என்ன! காலையில் ரொட்டி வெந்தால் வாசனை சாலையைத் தாண்டி வந்து அக்காவின் துணிக்கட்டுக்குள் புகுந்துகொள்ளும். சீருடைக்கு அளவு கொடுக்க வரும் பிள்ளைகள் பன்னைக் கடித்துக்கொண்டே வருவார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும். சாயங்காலமானால் கட்டின புருஷனே, “தம்பி கடையில ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்” என்று செருப்பை மாட்டுவார்.

“ஏன், நான் போடற டீயில விஷமா கலந்திருக்கு?”

“அங்க நாற்காலி நல்லா இருக்கு” என்பார் அவர்.

அந்தக் கடையிலிருந்து ஒரு துண்டு ரொட்டிகூட வீட்டுக்குள் வரக் கூடாது என்று அக்கா கட்டளை போட்டாள். தொழிலில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. மெஷின் மூன்றாகிவிட்டது, பட்டனுக்குக் காஜா எடுக்கவே இரண்டு பெண்கள் வருகிறார்கள். பிறகு எதற்கு வயிற்றெரிச்சல் என்றால், வயிறு யாரிடமாவது காரணம் கேட்டுவிட்டா எரிகிறது?

ஒருநாள் பேருந்தில் ஒரு புது நடத்துனர். அக்கா வழக்கம்போல் டெய்லர் கடைக்கு டிக்கெட் கேட்டாள்.

“அது எங்கக்கா இருக்கு?”

முன்சீட்டிலிருந்து ஒருவர் திரும்பி, “பேக்கரியைச் சொல்றாங்க சார்” என்றார்.

“அப்படிச் சொல்லுங்க. பேக்கரி ஒண்ணு!”

அன்றைக்குப் பக்கத்து சீட்டுக்காரரிடம் அக்கா வாயே திறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பேருந்து வரும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “பேக்கரி இறங்கு!” என்று கேட்டதும் தையல் கோணிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர்ப்படி கையை ஆட்டி, “அக்கா, சாப்பிட்டீங்களா?” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கையில் பேருந்து அலுவலகத்து ஆள் ஒருவர் கையில் தாளும் பேனாவுமாக வந்து நின்றார்.

“எல்லா ஸ்டாப்புக்கும் போர்டு வைக்கறோம்மா. ஒரு ஸ்டாப்புக்கு ரெண்டு கடையில கேப்போம். ரெண்டு பேரும் ஒரே பேரைச் சொன்னா அதுதான். இல்லேன்னா பொதுவா எதையாவது போட்டுடுவோம். எதிர்ல கேட்டாச்சு, நீங்க சொல்லுங்க.”

“அவ என்ன சொன்னா?”

“அதைச் சொல்லக் கூடாதும்மா.”

சொல்ல வேண்டுமா என்ன? ‘பேக்கரி’ என்றுதான் சொல்லியிருப்பாள். இவள் ‘டெய்லர் கடை’ என்றால் ஆளுக்கு ஒன்றாகிவிடும். அப்புறம் ‘பொதுவா எதையாவது’ என்று, ஊரே சொல்கிற பேக்கரியையே இவர் போட்டாலும் போட்டுவிடுவார். அதற்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? தனக்கில்லாதது அவளுக்கும் இல்லாமல் போகட்டும் என்று, பின்தெருவில் எழும்பி நிற்கும் தொட்டியைக் கை காட்டினாள்.

“தண்ணீர்த் தொட்டின்னு எழுதிக்குங்க. அதுதான் எல்லாருக்கும் பொது.”

அவர் எழுதிக்கொண்டு போனார். அன்று முழுக்க அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே தைத்தாள்.

அடுத்த மாதம் ‘தண்ணீர்த் தொட்டி’ என்று பளபளவென்று போர்டு வந்தது. அதை நட்ட அரைமணி நேரத்தில், கையில் மாவோடு சாலையைக் கடந்து ஓடி வந்தாள் ஓர்ப்படி.

“அநியாயத்தைப் பாத்தீங்களாக்கா! நான் டெய்லர் கடைன்னுதானே சொன்னேன்! நீங்களும் அதைத்தானே சொல்லியிருப்பீங்க?”

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. “நீயா? டெய்லர் கடைன்னா சொன்னே?”

“பின்னே? இங்க முதல்ல வந்தது நீங்கதானே? என் ரொட்டிக் கவர்லயே ‘டெய்லர் கடை ஸ்டாப்’னுதான் அச்சடிச்சிருக்கேன். நீங்க பாத்ததே இல்லையா?”

பார்த்ததில்லை. வீட்டுக்குள் விட்டால்தானே பார்ப்பதற்கு.

“எவனோ மாத்தி எழுதியிருக்கான். வாங்க, ஆபீஸுக்குப் போய் அந்தத் தாளை எடுத்துக் காட்டச் சொல்லுவோம். யார் என்ன சொன்னாங்கன்னு அதுல இருக்குமில்ல?”

“வேணாம் விடு. எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு.”

“நீங்க வேலையைப் பாருங்கக்கா. உங்களுக்காக நான் போறேன்.”

மாவுக் கையை முந்தானையில் துடைத்தபடி, வந்த பேருந்தில் அவள் ஏறிக்கொண்டாள். கூப்பிட்டு நிறுத்த அக்கா எழுந்தாள், என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல் நின்றாள். இந்த நேரத்தில்கூட அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கடைமீதோ பெயர்மீதோ இல்லை. அப்படி ஒரு மனசு தனக்கு வாய்க்கவில்லையே என்று. ஜன்னலோரம் உட்கார்ந்த ஓர்ப்படி அவளைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தாள். அந்த அலுவலகம் இரண்டே நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறது.