மாங்கனீசு சொன்ன சாட்சி

தேயிலை விலை விழுந்த வருடங்களில் குன்னூரில் எல்லோரும் வேறு ஏதாவது செய்து பார்த்தார்கள். சிலர் காளான் வளர்த்தார்கள். சிலர் முன்னறையில் கட்டில் போட்டுச் சுற்றுலா வந்தவர்களுக்கு விட்டார்கள். இலை பறிக்கும் கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று செடிகளைக் காடாக விட்டவர்களும் உண்டு. எங்கள் தெருவுக்குக் கீழே எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருந்த டீமேக்கர் வைன் போட்டார்.

இலையை வாட்டுவதிலிருந்து பொடியைச் சலிப்பது வரை ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கரின் மூக்குதான் சட்டம். தொழிற்சாலையை மூடியபோது அந்த மூக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. பொங்கலுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி அவருக்குக் கடிதமும் வந்திருந்தது.

ஊரில் ஒரு தோட்டக்கலைச் சங்கம் இருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் வீட்டு வைன் போட்டி நடத்தும். மூன்றாவது விதி, பழம் இந்த மலையில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பது. அந்த வருடம் நடுவராக வந்தவர் மசினகுடியில் ரிசார்ட் வைத்திருப்பவர். உரிமம் வாங்கிச் சின்னதாக ஒரு வைன் தொழில் தொடங்கப் போவதாகவும், போட்டியில் கவனத்தைக் கவர்ந்தவருக்குத் தங்குமிடத்துடன் அங்கே வேலை என்றும் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு அது ஒரு செய்தி. டீமேக்கருக்கு அது ஒரு வீடு.

அவர் வைத்தது திராட்சை வைன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள கொடியில் காய்த்தது என்றார். கொடி இருந்தது உண்மை. குருவிக்குத் தப்பி அதில் ஒரு கைப்பிடி தேறும். முதல் சுற்றில் ருசி பார்த்ததும் அவருடைய பழைய எஸ்டேட் மேனேஜர் எழுந்து நின்றார். ஓய்வுபெற்றபின் பிளம்ஸ் வைனுக்கு வருடாவருடம் கோப்பை வாங்குபவர் அவர்.

"ஏப்பா, இது கம்பத்துப் பன்னீர் திராட்சை. நாக்குல வெச்சா எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க தொரை. உங்க நாக்குக்குத் தெரிஞ்சிருந்தா நம்ம எஸ்டேட் டீ அந்த வெலைக்குப் போயிருக்குங்களா?"

கூட்டம் சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. எழுத்தில் புகார் கொடுத்தார். சங்கம் பாட்டிலை என்னிடம் அனுப்பியது. நான் அப்போது அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் மூத்த பகுப்பாய்வாளர். தனியார் மாதிரியை ஏற்பதற்கு ஒரு படிவம் உண்டு. அந்தப் படிவம் இருப்பது எங்கள் இயக்குநருக்கே தெரியாது; எனக்குத் தெரியும்.

மதுவை விளைந்த மண்ணோடு பொருத்திப் பார்ப்பது பெரிய மாயம் அல்ல. நம் மலை மண் புளிப்பானது. அமிலம் மிகுந்த அந்த மண்ணில் மாங்கனீசும் அலுமினியமும் கரைந்து வேர் வழியாகப் பழத்துக்கு ஏறும். கம்பம் போன்ற சமவெளி மண்ணில் சுண்ணாம்பு அதிகம். அங்கே கால்சியம் ஏறும். மூன்று மாதிரிகளை எடுத்துக்கொண்டேன்: டீமேக்கரின் வைன், மேனேஜரின் பிளம்ஸ் வைன், கம்பத்திலிருந்து வரவழைத்த திராட்சையின் சாறு. சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன். முறைப்படி இரண்டு முறை போதும்.

டீமேக்கரின் பாட்டிலில் மாங்கனீசு மேனேஜருடையதைவிடப் பல மடங்கு. அலுமினியமும் அப்படியே. அவ்வளவு மலைத்தனமான திராட்சையை இந்த மலையே கண்டிருக்காது. கால்சியம் மட்டும் கம்பத்தை ஒட்டி இருந்தது. 'பாத்திரத்திலிருந்து வந்திருக்கலாம்' என்று எழுதி அதைக் கடந்துவிட்டேன்.

சங்கக் கூட்டத்தில் அறிக்கையை நானே வாசித்தேன். மசினகுடிக்காரர் முன்வரிசையில். டீமேக்கரும் மனைவியும் அவருக்குப் பின்னால். எண்களோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபது வருடமாக என் அறிக்கையை யாரும் வாசிக்கக் கேட்டதில்லை, ஆசை விடவில்லை. "இந்த வைனின் நிறத்துக்கும் துவர்ப்புக்கும் காரணம் நம் மலையின் மண்" என்று முடித்தேன். மேனேஜர் முகம் தொங்கிப்போயிற்று.

டீமேக்கர் சும்மா இருந்திருந்தால் கோப்பை அவருடையது. அவர் எழுந்தார். முகத்தில் வெற்றி இல்லை, கோபம்.

"ஏனுங்க மேடம், அந்தத் துவர்ப்பு மண்ணுல இருந்து வந்ததுங்களா?"

"ஆமாம்."

"உங்க மெசினு அப்பிடியா சொல்லுது?"

மனைவி அவருடைய ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தார். "பேசாம உக்காருங்க. உங்களுக்குத்தான நல்லாச் சொல்றாங்க?"

"எனக்கு எங்க சொல்றாங்க? மண்ணுக்கில்ல சொல்றாங்க! மேடம், அது என்ற டீங்க. பேக்டரி மூடுன அன்னிக்குக் கடைசியா ஓட்டுன பொடி. நல்லாக் கொதிக்க வெச்சு ஊத்துனேன். கம்பத்துத் திராட்சைக்குத் துவர்ப்பு ஏதுங்க? வெறும் ஜூஸு அது!"

மனைவி ஸ்வெட்டரை விட்டுவிட்டார். பிறகு மேனேஜர், "கம்பம்!" என்று கத்தினார். பள்ளிக்கூடத்தில் முதல் விடை சொன்ன பிள்ளையின் குரல் அது.

தேயிலைச் செடி மாங்கனீசையும் அலுமினியத்தையும் இலையில் சேர்த்து வைக்கும் என்பது எங்கள் கூடத்தில் சேரும் புதியவருக்கும் தெரியும். சன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு தெரியும் கட்டடத்தில் உட்கார்ந்து, அளந்துகொண்டே மூன்று கோப்பை டீ குடித்தவள் நான்.

விதிப்படி டீமேக்கர் நீக்கப்பட்டார். கோப்பை மேனேஜருக்குப் போயிற்று. கூட்டம் கலைந்ததும் மசினகுடிக்காரர் டீமேக்கரை வராந்தாவில் நிறுத்தினார். அறிக்கையை உறையில் போடுவதாகப் பாவனை செய்துகொண்டு நானும் நின்றேன்.

"மசினகுடில திராட்சை வெச்சா யானையும் கொரங்கும் நமக்கு மிச்சம் வெக்குமுங்களா? எப்பிடியும் கம்பத்துல இருந்துதான் வரோணும். அதைக் கொண்டாந்து கவர்மெண்டு லேப்பையே மலைத் திராட்சைன்னு எழுத வெச்சிருக்கீங்க. எப்ப வர்றீங்க?"

டீமேக்கர் யோசித்தார். "பாட்டில் மேல டீ சேர்த்ததுன்னு போடுவீங்களா?"

"போட்டுக்கலாங்க."

"அப்பப் பொங்கலுக்கு முன்னாலயே வந்தர்றனுங்க."

நான் கூடத்துக்குத் திரும்பித் திருத்திய அறிக்கையை மூன்று பிரதிகளில் எழுதினேன். வீட்டுச் சாமான்களை ஜீப்பில் ஏற்றிய அன்று டீமேக்கரின் மனைவி என்னைத் தேடி வந்தார்.

"மேடம், மொதல்ல எழுதுனீங்களே, அதுல ஒரு காப்பி வேணுங்க. பிரேம் போட்டு மாட்டோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாருங்க."

ரத்தான அறிக்கையை வெளியாருக்குத் தரக்கூடாது என்பது விதி. குறுக்கே 'ரத்து' முத்திரையைப் பெரிதாகக் குத்திக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையெழுத்து மறையாமல் இன்னும் கொஞ்சம் கீழே குத்தியிருக்கலாமே என்றார்.