வேகப்படகும் என் காற்சட்டைப் பொக்கற்றும்

பழைய பந்தயப் படகுகளைத் திரும்பக் கட்டி எஞ்சின் பூட்டுகிற தொழிலில் சத்தத்துக்குக் குறைவில்லை. வாய் திறக்கவேண்டிய நேரத்தில் வாய் திறக்கிற ஆட்களுக்குத்தான் குறைவு. சிட்னியில், செவன் ஹில்ஸில் இருக்கிற ஒரு பட்டறையில் பதினொரு வருடமாக நான் இந்த வேலை செய்கிறேன். எழுபதுகளில் திறந்த கடலில் ஓடிய நீளமான, கூர்மூக்குப் படகுகள் உக்கிப்போய் எங்களிடம் வரும். அடித்தளத்தைச் சுரண்டி, பைபர் பூசி, பின்னால் இரண்டு பெரிய எஞ்சின்களை இறக்கி, திரும்ப ஓடவைத்து அனுப்புவோம்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? வேலையிடத்தில் பிழை விட்டுவிட்டு, கூரையில் ஏதோ எழுதியிருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் எத்தனை பேர்? கை தூக்கவேண்டாம். நானும் உங்கள் இனசனந்தான். கீழே இருப்பவை என் மானம் போன சந்தர்ப்பங்கள். வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் போட்டிருக்கிறேன், காரத்தைக் குறைக்கவில்லை.

கப்பல் எஞ்சினியர்

மெல்பேணில், கிளென் வேவர்லியில் மச்சாள் வீட்டுப் பிறந்தநாள் விழா. அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் ஒன்றில் டொக்டர், இல்லையென்றால் எக்கவுண்டன்ற். பக்கத்துக் கதிரையில் இருந்த அன்ரி என்ன வேலை என்று என்னைக் கேட்டார். நான் படித்தது எஞ்சினியரிங். செய்வது, முகமூடி போட்டுக்கொண்டு படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்து பழைய பெயின்ற் சுரண்டுவது. “மரைன் எஞ்சினியரிங்” என்றேன்.

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. அன்ரி என்னை உடனே ஒரு பெரிய கப்பலில் ஏற்றிவிட்டார். கப்பலில் சாப்பாடு எப்படி என்று கேட்டார், பரவாயில்லை என்றேன். சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டார், சொன்னால் செய்து தருவார்கள் என்றேன். இறங்க எத்தனையோ இடம் இருந்தும் நான் இறங்கவில்லை. கடைசியில் அன்ரி பெருமூச்சு விட்டார்: “அப்ப தம்பி வருசத்திலை ஆறு மாசம் வீட்டிலை இல்லை. உம்மட மனுசி குடுத்து வைச்சவ.”

பின்னுக்குப் போன படகு

இரட்டை எஞ்சின் படகில் ஒரு புரொப்பெல்லர் வலப்பக்கம் சுற்றும், மற்றது இடப்பக்கம் சுற்றும். அப்போதுதான் படகு நேரே போகும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நான் ஒருதரம் அவற்றை இடம் மாற்றிப் பூட்டிவிட்டேன். அப்படிப் பூட்டினால், முன்னுக்குப் போகிற கியரைப் போட்டால் படகு பின்னுக்குப் போகும்.

அந்தப் படகின் சொந்தக்காரர் ஒரு பல் டொக்டர். கரையில் அவருடைய நண்பர்கள் பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டொக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டு, எல்லோருக்கும் கையசைத்து, கியரை முன்னுக்குத் தள்ளினார். படகு கம்பீரமாகப் பின்னுக்கு வந்து மரப்பாலத்தில் முட்டியது. “கியர்க் கேபிள் பழசு, அதுதான் போல” என்று நான் உடனே கேபிளின் தலையில் போட்டேன். முதலாளி கிரெக் குனிந்து புரொப்பெல்லரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பேசியது டொக்டர்தான்: “வேகமா ஓடவேணும் எண்டு சொன்னனான். எந்தப் பக்கம் எண்டு சொல்ல மறந்துபோனன்.”

புதுப் பெயின்ற்

எஞ்சின் பூட்டிய பிறகு படகைக் கடலுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கவேண்டும். மானிகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பது என் வேலை. ஆற்றுக்குள் நான் சிங்கம். ஆற்றுவாயைத் தாண்டி முதல் அலையில் படகு ஏறி விழுந்ததும், விடியக் காலை சாப்பிட்ட இடியப்பம் தொண்டைக்கு வந்துவிடும். எண்ணெய் மணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். வருடக்கணக்காக எண்ணெய்க்குள்தான் கிடக்கிறேன், கரையில் அது ஒன்றும் செய்வதில்லை என்பது கிரெக்குக்கு நன்றாகத் தெரியும். அவர் வேகத்தைக் குறைக்காமலே சொல்வார்: “சத்தி எடுக்கிறதெண்டா காத்து போற பக்கமா எடு. பெயின்ற் புதுசு.”

பதினாறு நாள்

தவராசா அண்ணை எங்கள் பட்டறைக்கு வந்து நாலு வருடம் இருக்கும். ஐம்பது வயது. யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் திருத்தியவர். கடல்வழியாக வந்து தஞ்சம் கேட்டு, தற்காலிக விசாவில் இருந்தார். நானோ பிளேனில் வந்து, படிப்புக்குக் கொடுக்கிற புள்ளிக் கணக்கில் நிரந்தர விசா எடுத்தவன். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று கிரெக் என்னிடம், “உன்ர சொந்தக்காரரோ?” என்று கேட்டார். “இல்லை, இல்லை” என்றேன். ஒரு ‘இல்லை’ போதுமாக இருந்தது.

நான் எஞ்சினில் கோளாறு தேட லப்டொப்பை வயரில் கொழுவுவேன். அண்ணை நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். பெரும்பாலும் என் லப்டொப் விழித்து எழும்புமுன் அவர் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் அந்தப் பல் டொக்டர் வந்து, திறந்த கடலில் தான் மூன்று மணித்தியாலம் ஓடிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த அண்ணையிடம், “நீர் கடலிலை தூரம் போயிருக்கிறீரோ?” என்று கேட்டார். அவர் தஞ்சம் கேட்டு வந்த கதை வெளியே வரப்போகிறதே என்று பயந்தேன். “அவர் ஊரிலை மீன்பிடிப் பக்கம்” என்று குறுக்கே விழுந்தேன். அண்ணை நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: “ஒருக்காத்தான். பதினாறு நாள்.” என்ன எஞ்சின் என்று டொக்டர் கேட்டார். “ஒரு டீசல். ஆறாம் நாள் நிண்டிட்டுது, திருத்தினனான். ஒன்பதாம் நாள் திரும்ப நிண்டிட்டுது. திரும்பவும் திருத்தினனான்.” நான் மூடி மறைக்கப் பார்த்ததை அவர் தன் தொழில் அனுபவமாகச் சொல்லிவிட்டார். டொக்டர் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை: “இனி என்ர எஞ்சினை இவர்தான் தொடவேணும்.”

பங்

படகின் பின்பக்கம், அடியில், ஒரு துளை இருக்கும். கரையில் நிற்கும்போது உள்ளே சேர்கிற தண்ணீர் அதால் வடியும். தண்ணீரில் இறக்குமுன் அதைப் பித்தளைத் திருகு மூடி ஒன்றால் அடைக்கவேண்டும். பெருவிரல் அளவுதான். பங் என்று சொல்வோம். எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு: பங்கைக் கழற்றுகிறவர் அதை எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பில், அதாவது சாவியில், கட்டித் தொங்கவிடவேண்டும். பிறகு யாரும் மறக்கமுடியாது.

ஹெலன் என்ற எழுபது வயதுப் பெண்மணியின் படகு அது. இறந்துபோன கணவர் பந்தயம் ஓடிய படகு. பதினான்கு மாதம் அதில் வேலை செய்தோம். தவராசா அண்ணையின் காரியம் ஒன்றும் அந்தப் படகில் தொங்கிக்கொண்டிருந்தது. விசாப் பேப்பர்களோடு வைக்க வேலையிடத்திலிருந்து ஒரு நல்ல கடிதம் வாங்கும்படி அவருடைய லோயர் சொல்லியிருந்தார். ஹெலனின் படகு தண்ணீரில் இறங்கியதும் எழுதித் தருகிறேன் என்று கிரெக் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை, படகுக்குள் நின்ற தண்ணீரை வடிக்கப் பங்கைக் கழற்றியவன் நான். அப்போது போன் அடித்தது. பங்கைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு கதைத்தேன், கதையோடு அதை மறந்துபோனேன். பின்பக்கத்தைக் கடைசியாகச் சரிபார்ப்பது அண்ணையின் பொறுப்பு. அவர் வந்தபோது, “பின்பக்கம் நான் பாத்திட்டன் அண்ணை, நீங்கள் டிரெயிலரைப் பாருங்கோ” என்று அனுப்பிவிட்டேன்.

ஹோக்ஸ்பெரி ஆற்றில் படகை இறக்கிக் கட்டிவிட்டு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நின்றோம். பின்பக்கம் தாழ்வதை முதலில் கண்டவர் அண்ணை. உடுத்த உடுப்போடு குதித்தார். ஜூலை மாதம், இங்கே அது நல்ல குளிர்காலம். கழுத்தளவு தண்ணீரில் துளையைத் தடவிப் பிடித்து, பெருவிரலால் அடைத்துக்கொண்டு, “பங் இல்லை!” என்று கத்தினார். கிரெக் லொறிக்கு ஓடிப்போய்ப் பெட்டி பெட்டியாகக் கொட்டித் தேடினார். என் கை பொக்கற்றுக்குள் போனது. பித்தளை விரலில் பட்டது. குனிந்து கொடுக்க ஒரு நொடி போதும். ஆனால் கொடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் கொடுக்கவில்லை. பம்ப் தண்ணீரை இறைத்து, டிரெயிலரைத் திரும்ப இறக்கிப் படகை ஏற்ற இருபது நிமிடம் எடுத்தது. அந்த மனிதர் விரலை எடுக்காமல் நின்றார். நான் கையை எடுக்காமல் நின்றேன்.

பின்பக்கம் யாருடைய வேலை என்று கிரெக் கேட்டார். நான் மேலே பார்த்தேன். அங்கே கூரைகூட இல்லை. துவாயைச் சுற்றிக்கொண்டு நடுங்கிய அண்ணை, “பின்பக்கம் என்ர வேலைதான்” என்றார். அதுவும் பொய் இல்லை. ஹெலன் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். நனைந்த எஞ்சின்களை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்ர மனுசன் இதை நடுக்கடலிலை இரண்டு தரம் மூழ்கடிக்கப் பாத்தவர். கரையிலை கட்டிவைச்சு மூழ்கடிக்க உங்களாலைதான் முடிஞ்சுது.”

கடிதம்

திங்கட்கிழமை அண்ணை கடிதத்தைப் பற்றிக் கேட்டார். தன் வேலையைச் சரியாகப் பார்க்காத ஆளை நம்பிக்கையானவர் என்று எப்படி எழுதுவது என்று கிரெக் திருப்பிக் கேட்டார். அண்ணைக்கு அது முழுதாக விளங்கவேண்டும் என்பதற்காக என்னைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்த்தேன். சொல்லுக்குச் சொல், ஒரு பிழையில்லாமல். அண்ணை “ஓம், சரி” என்றார். இரண்டு கிழமையில், பதினாலே நாளில், வேலையை விட்டுவிட்டு, மெல்பேணில் ஒரு உறவினரோடு இருக்கப் புறப்பட்டார். “போட்டு வாறன் தம்பி” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இறங்கியது. மூன்று வேளையும் சாப்பிட்டேன். பங்கை மட்டும் எறியத் துணிவில்லாமல் பொக்கற்றிலேயே காவிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் உடுப்புத் தோய்க்கப்போன மனைவி அதை எடுத்துக் குசினி மேசையில் வைத்து, “இதை ஏன் நெடுகக் காவித் திரியிறியள்?” என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கார்த் திறப்பை எடுத்து என் கையில் வைத்தாள்.

அப்படித்தான், படகு தாழ்ந்து ஐந்து கிழமை கழித்து, பங்கைக் கொண்டுபோய் கிரெக்கின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதை உருட்டிப் பார்த்தார். உடனேயே கடிதத்தை அடித்துக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். வாங்கப் போனேன், அவர் விடவில்லை: “பிழை எல்லாரும் விடுறதுதான். அந்தாள் இருபது நிமிசம் தண்ணிக்குள்ளை துளையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை, நீ என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ?”

ஸ்பிரிங்வேல்

கடிதத்தைத் தபாலில் போட்டிருக்கலாம். பிளேன் ஏறினேன். ஸ்பிரிங்வேலில் ஒரு மீன்கடையின் பின்பக்கம் அண்ணை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவி, துடைத்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் கடிதத்தை வாங்கினார். இரண்டு தரம் வாசித்தார். “லோயர் போன கிழமைதான் பேப்பரெல்லாம் அனுப்பினவ. இதையும் பின்னாலை அனுப்பேலுமோ எண்டு கேட்டுப் பாப்பம்” என்றார். நான் வாய் திறக்காமல் இருந்த அந்த ஐந்து கிழமை அவருக்கு எதைக் கெடுத்தது என்று இதை எழுதுகிறவரை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

பங் என் பொக்கற்றில் இருந்ததைச் சொன்னேன். வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்த மன்னிப்பு, தொடங்கிய இடத்திலேயே குழம்பிப்போனது. அண்ணை கத்தியைத் துடைத்தபடி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை: “தெரியும் தம்பி. தண்ணிக்குள்ளை நிக்கேக்கை உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். கை பொக்கற்றுக்குள்ளையே கிடந்தது. இப்ப குடுப்பியள், இப்ப குடுப்பியள் எண்டுதான் விரலை எடுக்காமல் நிண்டனான்.”

உக்கிப்போன எத்தனையோ படகுகளைக் காற்றாய்ப் பறக்கவைத்த எனக்கு, என் சொந்தக் கையைப் பொக்கற்றிலிருந்து வெளியே எடுக்க ஐந்து கிழமை பிடித்தது.