அண்ணனின் சாயல்

போன ஞாயிறு பக்கத்து வீட்டில் முப்பத்தொன்று. குழந்தை பிறந்த துடக்குக் கழிக்கும் நாள். யாழ்ப்பாணத்தில் என்றால் வீடு கொள்ளாத சனம் வந்திருக்கும். இது கண்டி. யுத்தத்தில் வடக்குப் பாதை பூட்டிக் கிடக்கிறது. பிள்ளை பெற்ற ரஞ்சனியின் தாயால்கூட வரமுடியவில்லை. பிலிமத்தலாவையில் இருந்து பஸ் ஏறி வந்த, அவள் கணவர் சிவபாலனோடு கந்தோரில் வேலை செய்யும் ஆட்கள் சிலர்... பிறகு நான். அவ்வளவுதான் சொந்தபந்தம்.

கொழுகொழுவென்று பெண் குழந்தை. தாயின் முகத்தில்தான் சிரிப்பில்லை.

எப்படி இருக்கும்? போன வருடம் இதே வீட்டில்தான் மூத்தவன் காய்ச்சலில் போனான். பால்குடி. ஊரடங்குச் சட்டம் தளர்த்திய இடைவெளியில் அவசர அவசரமாகக் கொண்டுபோய்ப் புதைத்தோம். பால்குடிக்கு எங்கள் ஆட்களிடம் எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, திவசமும் இல்லை. பெற்றவள் உட்கார்ந்து அழுவதற்கென்று வருடத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது.

பிறகு அவள் முன்னால் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. எடுக்கக் கூடாது என்று யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை - தானாக வந்த ஒழுங்கு. இப்படியான ஒழுங்குகளில் நாங்கள் கெட்டிக்காரர்.

கந்தோர்க்காரர் ஒருவரின் மனைவி, விஷயம் தெரியாதவர், கேட்டார்: "தலைப்பிள்ளையோ?"

ரஞ்சனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சிவபாலன் முந்திக்கொண்டு, "ஓம் ஓம்... தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது" என்றார். அவளுக்கு நோகக்கூடாது என்ற நினைப்புத்தான். ஆனால் அவள் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில் இப்படித் தனித்துப்போன ஒருத்தியை நான் கண்டதில்லை.

அந்த நேரம் எதிர்ப் புடவைக்கடைக்காரரின் மனைவி மர்ஜானா வந்தார். நேரே தொட்டிலுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி, ரஞ்சனியைக் கேட்டார்.

"இவ நானாட சாயலா, மகள்?"

நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். யாரோ அவரை முறைத்தார்கள்.

"ஏன் பாக்கிய? எனக்கும் ஒண்டு மௌத்தான. ஒருத்தரும் அதப்பத்திக் கேக்கல்லயேன்டு இன்னும் மனசுல ஈக்கி."

அவரும் ஒரு பிள்ளையைச் சாகக் கொடுத்தவர். கடைசியில் சிவபாலன்தான் மெதுவாகச் சொன்னார். "மூக்கு... அவன்ர மூக்குத்தான்."

ரஞ்சனி திரும்பினாள்.

"மூக்கு மட்டுமில்லை. காதும்தான். கண்ணன்ர காது இப்பிடித்தான் நுனியில மடிஞ்சிருக்கும்" என்றாள். அழுதுகொண்டே வந்து மகளை வாங்கி மடியில் வைத்து, அந்தக் காதை எங்கள் எல்லோருக்கும் காட்டினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். மூத்தவன் பெயர் அந்த வீட்டில் மறுபடி கேட்டது அன்றைக்குத்தான்.

அவளுக்கு ஞாபகப்படுத்திவிடுவோமே என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம்... அவள் மறந்திருந்தால்தானே!