எலியேசரின் நெப்ராஸ்கா நோட்டு

நெப்ராஸ்கா என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமெரிக்காவின் நட்டநடுவில் கடல் இல்லை, சொல்லிக்கொள்கிறாற்போல் மலை இல்லை, கண்ணுக்கெட்டியவரை மக்காச்சோளம் விளைகிற ஒரு மாநிலம். தாம்பரத்தில் குடியிருக்கும் உனக்கு அதோடு என்ன வம்பு என்று கேட்பீர்கள். வம்பு எலியேசரால் வந்தது. இல்லை, என்னால் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எலியேசரும் நானும் தாம்பரம் ஸ்டேஷனில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் முப்பத்து மூன்று வருஷம் டிக்கெட் கொடுத்து ரிட்டயரானவர்கள். ஊரையே பீச் ஸ்டேஷனுக்கும் செங்கல்பட்டுக்கும் அனுப்பிவைத்த எலியேசர், தான் மட்டும் நாகர்கோவிலைத் தாண்டிப் போனதில்லை. வாய் அதிகம் பேசாது. விதி என்று ஒன்று இருந்தால் அதை மீற மாட்டார். அடுத்தவர் பெயருக்கு வந்த தபாலை, கவர் கிழிந்தே இருந்தாலும், எட்டிப் பார்க்க மாட்டார்.

அவர் மனைவி சாராள் புற்றுநோயில் போனபோது மகள் ஜெரூஷாவுக்குப் பன்னிரண்டு வயது. அதற்கப்புறம் அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து எல்லாமே எலியேசர்தான். கோணல் வகிடோடு அவள் பள்ளிக்கூடம் போவதை அவர்கள் குடியிருந்த சேலையூர் முழுக்கப் பார்த்திருக்கிறது. அந்தப் பெண் கல்யாணமாகி ஓமஹாவுக்குப் போனாள். ஓமஹா நெப்ராஸ்காவின் பெரிய ஊர். 2006 ஆகஸ்டில் போன் செய்தாள். மார்ச் மாதம் குழந்தை. மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன், வர முடியாது. "நீங்க வந்துடுங்கப்பா" என்றாள்.

மறுநாள் காலையே எலியேசர் என் வீட்டுக்கு வந்துவிட்டார். சுக்கு, பூண்டு, பெருங்காயம் என்று பத்தியச் சமையலுக்கு என் மனைவியிடம் கேட்டு எழுதிக்கொண்டார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"விசாவுக்குப் போற எடத்துல பிரசவம்னு மட்டும் சொல்லிடாதய்யா. புள்ள பாக்குற வேலைக்கு வர்றான்னு நெனச்சு அங்கயே ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லு."

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தார்கள். வாக்கிங் போகிற இடத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் எல்லாரும் எல்லாருக்கும் சொன்ன புத்திமதி அது. யார் அதைச் சோதித்துப் பார்த்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டிராவல்ஸ் வைத்திருந்த ஜெயவேலு இன்னும் ஒரு படி மேலே போனான். "கரெக்டு சார். ஆனா அந்த ஊர்ல பாக்குறதுக்கு இன்னா கீதுன்னு அவங்க கேட்டா டக்குனு சொல்லணும். நயாகரா, டிஸ்னின்னா பரவால்ல. நீங்க சொல்ற ஊரு பேரையே நான் கேட்டதில்ல சார்."

அவ்வளவுதான். எலியேசர் ஒரு நீளநோட்டு வாங்கினார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். தினமும் காலை பத்து மணிக்கு நானும் கூடப் போனேன். ஒரு படம் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் கரண்டு போய்விடும். மறுபடி முதலிலிருந்து. நான் பொறுமையில்லாமல் காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். அவர் சிவப்பு மையில் தலைப்புப் போட்டு, கறுப்பு மையில் எழுதிக்கொண்டிருப்பார். 1867இல் முப்பத்தேழாவது மாநிலம். தலைநகர் லிங்கன். பெயருக்கு அர்த்தம் தட்டையான தண்ணீர், பிளாட் ஆற்றை வைத்து வந்தது. மாட்டு வண்டிகளில் மேற்கே போன குடும்பங்களுக்கு அடையாளமாக நின்ற சிம்னி ராக் என்ற ஒற்றைப் பாறை. பழைய கார்களைச் செங்குத்தாக நட்டுவைத்த ஒரு வட்டம். குடியேற வந்தவர்களுக்கு ஆளுக்கு நூற்றறுபது ஏக்கர் சும்மா கொடுத்த கதை.

"சும்மா குடுத்தாங்கன்னா, அதுக்கு முன்னாடி அங்க இருந்தவங்க எங்க போனாங்க?" என்று என்னைக் கேட்டார். பானீ, லக்கோட்டா என்ற பழங்குடிகளைப் பற்றி மறுநாள் இரண்டு பக்கம் எழுதினார்.

"பரீட்சைக்கு வராதுய்யா அது" என்று எரிந்து விழுந்தேன்.

நிஜத்தைச் சொன்னால், நடுவில் அவருக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது. நார்த் பிளாட் என்ற ஊரில் உலகத்திலேயே பெரிய ரயில் யார்டு இருப்பதைப் படித்த அன்று சாப்பாட்டையே மறந்தார். நாளைக்குப் பத்தாயிரம் வேகன். "நம்ம தாம்பரம் யார்டு அதுல ஒரு மூலைக்குக் காணாது, ஏகநாதா" என்றார். மார்ச் மாதம் அந்த ஆற்றில் ஐந்து லட்சம் கொக்குகள் வந்து இறங்கும் என்று படித்துவிட்டு, கொக்கு கூட்டமாக நிற்பதைப் பார்க்க வேண்டுமென்று என் ஸ்கூட்டரில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு இழுத்துப் போனார். வெயிலில் மண்டை காய நின்றோம். நாற்பது கொக்கு இருந்திருக்கும். "குழந்தையும் அப்பதான் வரும், கொக்கும் அப்பதான் வரும்" என்று சொல்லிச் சிரித்தார். சாராள் போனதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜனவரியில் நேர்காணல். அதற்கு முன் ஜெரூஷா கூரியரில் காகிதங்கள் அனுப்பியிருந்தாள். அதில் ஒரு கவர், விசா அதிகாரி பெயருக்கு. "பிரிச்சுப் படிச்சுப் பாரேன்" என்றேன்.

"எனக்கு எழுதலையே" என்று அப்படியே ஃபைலில் வைத்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

நேர்காணல் அன்று அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் காத்திருந்தேன். பதினொன்றரைக்கு வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. மின்சார ரயிலில் ஏறினோம். மீனம்பாக்கம் தாண்டியதும் சொன்னார்.

அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். நன்றாகவே தமிழ் பேசினாளாம். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். சுற்றிப் பார்க்க என்றார். நெப்ராஸ்காவில் என்ன இருக்கிறது என்று சிரித்தாள். அவர் சொன்னார். பாறை, ஆறு, கொக்கு, யார்டு எல்லாம் சொன்னார். நானே அங்கே போனதில்லை, உங்களுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்றாள். விசா கிடைத்துவிட்டது என்றே நினைத்தாராம். அப்புறம் அந்தக் கவரைப் பிரித்துப் படித்தாள். படித்து முடித்து, "உங்கள் மகளுக்கு எப்போது குழந்தை பிறக்கப் போகிறது?" என்று கேட்டாள்.

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

அவள் இன்னொரு தடவை கேட்டாளாம். அவர் இன்னொரு தடவை தெரியாது என்றார். கடிதத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் படிக்கிற மாதிரி திருப்பிப் பிடித்தாள். நாலே வரி. எனக்கு அம்மா இல்லை. மார்ச் பத்தாம் தேதி எனக்குப் பிரசவம். அம்மாவின் இடத்தில் என் அப்பா என் பக்கத்தில் இருக்க வேண்டும். தயவுசெய்து அவரை அனுப்புங்கள்.

பாஸ்போர்ட்டோடு விசா இல்லை என்ற காகிதத்தைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளை நான் என்ன குறை சொல்ல? மகள் உண்மை எழுதுகிறாள், அப்பா கண்ணுக்கு நேரே பொய் சொல்கிறார். நானாக இருந்தாலும் கவுண்டரை மூடியிருப்பேன். ஜெயவேலு விசாரித்தான், அடுத்த தேதி ஏப்ரலில்தான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு எலியேசர் வீட்டில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. நீ எடு என்று கையைக் காட்டினார். நான் எடுத்தேன்.

"அங்கிள், அப்பா எங்க? கெடச்சுதா?"

"இல்லம்மா."

"நான் அனுப்புன லெட்டர அப்பா குடுத்தாரா?"

"குடுத்தாரும்மா."

"அவங்க படிச்சாங்களா?"

"படிச்சாங்கம்மா."

"படிச்சுட்டுமா இல்லன்னாங்க? ஏன் அங்கிள்?"

எதிரே எலியேசர் நெப்ராஸ்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசவம்னு சொல்லாதன்னு நான்தாம்மா சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.