பெரட்டில் சொன்ன பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியாவில், சிரம்பானில் ஓர் அரும்பொருளகத்தில் நான் கிளார்க். தோட்டத்து மக்களின் கதைகளைப் பதிவு செய்து இன்டர்நெட்டில் ஏற்றப் போகிறோம் என்றார் மேலதிகாரி. சுவா பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் என்பதால் டேப் ரெக்கார்டரை என்னிடம் கொடுத்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்குத்தான் போனேன்.

பக்கத்து வீட்டு அத்தை என்னைத் தூக்கி வளர்த்தவர். கோப்பி கலந்து கொடுத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நடுவில் குரலைத் தாழ்த்தினார். எழுபதுகளின் தொடக்கத்தில், சிவப்பு ஐ.சி, அதாவது குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை, வைத்திருந்தவர்களுக்கு பெர்மிட் இல்லாமல் வேலை கிடையாது என்று ஆனதாம். அத்தையுடையது சிவப்பு. அந்த நேரம் பார்த்து, குடிமக்களின் நீல ஐ.சி வைத்திருந்த அவருடைய அக்காள் காய்ச்சலில் போய்விட்டாள். மறுவாரம் பெரட்டில், விடியற்காலையில் ஆள் கூப்பிடும் வரிசையில், கணக்கெழுதும் கிராணி அக்காளின் பெயரை வாசித்தபோது அத்தை "இருக்கேன்" என்று குரல் கொடுத்தார். கிராணிக்குத் தெரியும், வேலை வாங்கும் மண்டோருக்குத் தெரியும், லயத்துக்கே தெரியும். இத்தனை வருஷமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"இத மட்டும் எழுதிடாதடி," என்றார் அத்தை.

"சே, வெளிய போகாதுலா அத்தை."

டேப் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நான் நிறுத்தவில்லை.

இந்தப் பகுதி வெளியே போகக் கூடாது என்று கேசட் உறையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். அதிகாரியிடம் வாய்விட்டும் சொன்னேன். "டோன்ட் வொரிலா," என்றார். மடச்சி, நம்பினேன். சில மாதங்களில் அது மலாய் மொழியில், நான் எடுத்த படத்தோடு இணையத்தில் இருந்தது. பெயர் போடவில்லையாம், அது அவருடைய பெரிய மனசு. மூக்குத்தி முதற்கொண்டு தெரிகிற படத்துக்குப் பெயர் எதற்கு?

அப்போது தோட்டம் விலைபோய், பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களுக்கு மலிவு வீடு தருவதாகப் பேசி முடித்திருந்தார்கள். தோட்டக் கம்பெனி ஆள் ஒருவர் அந்த இணையப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். பதிவேட்டில் இருப்பவர் இறந்துவிட்டதால் வீடு கிடையாது என்றார். அத்தை பகாவில் தம்பி வீட்டுக் குசினிக்குப் பின்னால் ஒரு தடுப்பறைக்குக் குடிபோனார்.

ஆபீசில் நான் கத்தினேன். அதிகாரி அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, அத்தையிடம் கேட்டு நிரப்பச் சொல்லி ஒரு கேள்வித்தாளை நீட்டினார். இன்டர்நெட் சமுதாயத்தை என்ன செய்கிறது என்று ஆராய வேண்டியது நம்மைப் போன்ற பாரம்பரியத் துறைதானாம். அத்தை நல்ல உதாரணமாம். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அத்தை முகத்தில் விழிக்க வேறு சாக்கு இல்லை.

பகாவில் அத்தை என்னை உட்காரச் சொன்னார். அதிகாரியின் துரோகத்தை ஒன்று விடாமல் கொட்டினேன். நாசமாய்ப் போவான் என்று சபித்தேன். அவர் கேட்டுவிட்டு, என் கையிலிருந்த தாளைக் காட்டி, "அதுல என்ன போட்டிருக்கு, படி," என்றார்.

"உங்கள் கதையை இணையத்தில் பகிர்ந்தது யார் என்று அறிவீர்களா?"

"நீதான்னு எழுதிக்க."

"அத்தை, நான் இல்ல, அந்த ஆளு..."

"அந்த ஆள நான் பாத்ததே இல்லடி. ஒங்கிட்டதானே சொன்னேன்."

என் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். எழுதும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.