நான் அனுப்பிய காய்ச்சல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில், பாலக்காடு மாவட்டம் எலப்புள்ளியில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. எங்கள் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஷீட் போட்ட சின்ன வீடு ஒன்று இருக்கிறது. சாணி வாடைக்குப் பயந்து யாரும் எட்டிப் பார்க்காத அந்த வீட்டுக்கு, இடுக்கிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. கணவனின் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டதாம். கணவனுக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. கூட மனைவியும் ஆறு வயதுப் பெண் குழந்தையும். கம்பெனிக்குப் பக்கத்தில் கேட்ட வாடகையில் தலை சுற்றிப்போய்த்தான் எங்களைத் தேடி வந்திருந்தார்கள்.

வந்த இரண்டாவது வாரமே குழந்தையின் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சின்ன உரசல். கொட்டகை ஓரத்தில் இரண்டு நீல டிரம்களில் அவசரத்துக்கென்று தண்ணீர் பிடித்து வைத்திருப்பேன். எங்கள் பக்கம் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், அவள் ஒரு டிரம்மைச் சாய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நாள்பட்ட தண்ணிக்கா. எங்க லயத்துல ஞாயித்துக்கிழமையானா எல்லாத்தையும் கவுத்திப் போட்டிருவோம்" என்றாள்.

"ஏனம்மிணி, உங்க மலையாட்டம் இங்க தண்ணி சும்மாவா ஒழுகுது? இனி இதத் தொடாதீங்க" என்று கடிந்துவிட்டேன். அதன் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு மாதம் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளாகியும் விடவில்லை. எங்கள் வீதிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, அதற்கு நான்தான் அட்மின். சொந்த வீட்டுக்காரர்களை மட்டும்தான் அதில் சேர்ப்போம். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே பழகிவிட்டது. வாடகை வீட்டுக் குழந்தைக்கு விடாத காய்ச்சல், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் குழுவில் எழுதினேன். நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன். கீழே வழக்கம்போல ஒரு மாட்டுப் படம். கரண்ட் இல்லை என்று எழுதினாலும் கடைசியில் மாட்டுப் படம் போடாவிட்டால் எனக்குச் செய்தி முடிந்த மாதிரியே இருக்காது.

மலையிலிருந்து வந்தவர்களாமே என்று ஒருவர் கேட்டார். தொட்டால் ஒட்டுமா என்று இன்னொருவர். அட்மினுக்கு எதையும் அழிக்கிற அதிகாரம் இருக்கிறது, விரலை வைத்தால் போதும். வாடகைக்காக மூடி மறைக்கிறாள் என்று பேசுவார்களோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் நல்லேப்பிள்ளியிலிருந்து என் நாத்தனார் ஒரு செய்தி அனுப்பினார். எலப்புள்ளியில் மலையிலிருந்து வந்த குடும்பத்துக்குப் புதுவிதக் காய்ச்சல், மூச்சுக் காற்றிலேயே பரவும், குழந்தை பிழைப்பது கஷ்டம், உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று இருந்தது. பயந்துபோனேன். பக்கத்துச் சுவருக்குள் நடப்பது நமக்குத் தெரியவில்லையே, ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் என் மகள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

நேராகப் போய் வாசலுக்கு வெளியே நின்றபடியே, "பாப்பாவுக்குச் சரியானதும் வேற ஊடு பாத்துக்குங்க" என்று சொன்னேன். அவள் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். அந்த "சரிக்கா" இன்றும் என் காதில் இருக்கிறது.

அவள் கணவன் வேலை முடிந்ததும் பைக்கில் வீடு வீடாக ஏறி இறங்கினான். எல்லா இடத்திலும் ஆள் வந்தாச்சு என்றார்கள். கடைசியில் ஒரு வீட்டுக்காரர் அவனிடமே போனை நீட்டி அந்தச் செய்தியைக் காட்டியிருக்கிறார்.

அடுத்த நாள், ஆஷா சேச்சி என்று நாங்கள் கூப்பிடும் பஞ்சாயத்து சுகாதார ஊழியர் வந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்ததில் டெங்கு என்று தெரிந்துவிட்டது, ஆளுக்கு ஆள் ஒட்டாது, கொசுதான் காரணம் என்றார். பேசிக்கொண்டே கொட்டகைக்குள் போனவர், டார்ச் அடித்து, "இங்கே வரூ" என்று என்னைக் கூப்பிட்டார். என் நீல டிரம் இரண்டிலும் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது.

பிறகு தன் போனை எடுத்து, "இதாராணு எழுதியது?" என்று கேட்டார். நாத்தனார் அனுப்பிய அதே செய்திதான். எழுதியவர் யார் என்று தெரியவில்லையே என்று சொல்ல வாயெடுத்தவள், அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். எல்லாவற்றையும் மாற்றியவர்கள் அடியில் இருந்த மாட்டுப் படத்தை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். காய்ச்சல் செய்திக்குக் கீழே மாட்டைப் போட என்னைத் தவிர யாருக்குத் தோன்றும்? நான் எழுதியதைப் பார்த்து நானே பயந்து, ஒரு குழந்தையைத் தெருவில் நிறுத்தப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தில் செத்துப்போனேன்.

அவளிடம் போய் டிரம்மைப் பற்றியும் செய்தியைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். போக வேண்டாம் என்று கெஞ்சினேன். அவள் ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு, "போறதுக்கும் எங்களுக்கு இடம் இல்லக்கா. இருந்துக்கிடுதோம். ஆனா ஞாயித்துக்கிழமை டிரம்ம நான்தான் கவுப்பேன்" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

குழந்தை தேறிப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. அவளைக் குழுவில் சேர்த்தேன், இப்போது அவளும் ஓர் அட்மின். ஞாயிறுதோறும் இரண்டு பேரும் சேர்ந்து டிரம்மைச் சாய்க்கிறோம், அந்தத் தண்ணீர் தென்னைக்குப் போகிறது.

ஆஷா சேச்சி வந்த அன்றைக்கே குழுவில் உண்மையையும் எழுதிவிட்டேன். அது டெங்கு, யாருக்கும் ஒட்டாது, புழு இருந்தது என் டிரம்மில், தப்பு என்னுடையது என்று எழுதி, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பச் சொல்லி, அடியில் மறக்காமல் மாட்டுப் படமும் போட்டேன். முதல் மாடு ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒரே நாளில் வீடு திரும்பியது. யாராவது எங்கிருந்தாவது எனக்கே அனுப்புவார்கள் என்று இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன், இந்த இரண்டாவது மாடு மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.